கடைமடைக்குத் தண்ணீர் போக நாளாகும்: ஓ.டி.டி. கதைத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தமிழில் எந்தக் கதை வெப் சீரிஸ் ஆகலாம், எது ஆகக் கூடாது என்று சென்னையிலும் மும்பையிலும் உட்கார்ந்து முடிவு செய்கிற எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நான் சினிமாக்காரன் இல்லை. குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமம். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியார், ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. ஒன்பது மா நிலம், வீட்டில் ஒரு பெரிய டிவி, தங்கை மகன் கொடுத்த பாஸ்வேர்டு. இவ்வளவுதான் உங்களுக்கு எழுத எனக்கிருக்கும் தகுதி.

போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்ட நாட்களில் 'தி வயர்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தோம். நானும் எதிர்வீட்டு ஏட்டையாவும். அவர் காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரி எட்டரைக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு, தோளில் துண்டோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஒரு நாளைக்கு இரண்டு எபிசோட். அதற்கு மேல் என் மனைவி அனுமதிப்பதில்லை.

முதல் மூன்று நாள் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பால்டிமோர் நகரத்துத் தெருப் பேச்சு, அடுக்கடுக்காகப் பெயர்கள், யார் போலீஸ் யார் திருடன் என்று பிடிபடுவதற்குள் எபிசோட் முடிந்துவிடும். "என்ன சார், ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டா அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் பேப்பரை நகத்திக்கிட்டே இருக்கானுவ" என்று ஏட்டையா அலுத்துக்கொண்டார். நான்காவது நாள், ஒயர் போட்டு ஒட்டுக்கேட்க ஜட்ஜிடம் அனுமதி வாங்குவதற்குள் மேலதிகாரி போடுகிற முட்டுக்கட்டைகளைப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நம்ம ஸ்டேஷன்" என்றார். அன்றிலிருந்து மழை நின்ற பிறகும் வந்துகொண்டுதான் இருந்தார்.

அந்தத் தொடரின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் கணக்கு பிடிக்கும் என்பதால். 2002 ஜூன் 2 அன்று ஹெச்.பி.ஓ. என்ற அமெரிக்க சேனலில் தொடங்கியது, 2008 மார்ச் 9 அன்று முடிந்தது. ஐந்து சீசன், 60 எபிசோட். அத்தனைக்கும் சேர்த்து, அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் பெரிய விருதான எம்மிக்கு இரண்டே பரிந்துரை, 2005-ல் ஒன்று, 2008-ல் ஒன்று, இரண்டும் எழுத்துக்காக. வாங்கிய எம்மி பூஜ்யம். ஸ்ட்ரிங்கர் பெல்லாக வந்த இட்ரிஸ் எல்பாவுக்கோ, ஓமராக வந்த மைக்கேல் கே. வில்லியம்ஸுக்கோ ஒரு பரிந்துரைகூட இல்லை. கடைசி எபிசோட் ஒளிபரப்பானபோது பார்த்தவர்கள் சுமார் 11 லட்சம் பேர். 2011 கணக்குப்படி எங்கள் திருவாரூர் மாவட்டத்து மக்கள்தொகையே 12 லட்சத்து 64 ஆயிரம். அமெரிக்கா முழுக்கப் பார்த்தவர்கள் எங்கள் ஒரு மாவட்டத்து ஜனம்கூடத் தேறவில்லை.

எழுதியவரை விருதுக்காரர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. டேவிட் சைமன் பால்டிமோர் பத்திரிகையில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். இதே ஊரின் போதைத் தெருவை வைத்து அவர் கொடுத்த 'தி கார்னர்' என்ற ஆறு பகுதிக் குறுந்தொடர் 2000-ல் மூன்று எம்மி வாங்கியிருக்கிறது. அப்புறம் ஏன் இது மட்டும் கண்ணில் படவில்லை? எனக்குத் தோன்றுவது இதுதான். இதில் ஒரு எபிசோடை மட்டும் தனியாக உருவி நடுவர்களிடம் காட்ட முடியாது. ஒரு நெல்மணியைக் காட்டி இந்த வருட விளைச்சலைச் சொல்ல முடியுமா? நடிகர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், படப்பிடிப்பு நடந்தது ஹாலிவுட்டை விட்டு வெகு தூரத்தில், நடித்தவர்கள் நடித்த மாதிரியே தெரியவில்லை. விருது கிடைக்காமல் போக இதில் ஒன்றே போதும்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். 2021-ல் பிபிசி கல்ச்சர் 43 நாடுகளைச் சேர்ந்த 206 பேரிடம் இந்த நூற்றாண்டின் சிறந்த தொலைக்காட்சித் தொடர் எது என்று கேட்டது. முதலிடம் 'தி வயர்'.

விருதுக் கமிட்டியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், தமிழ் படிக்க மாட்டார்கள். எனக்கு அக்கறை உங்கள் நாற்காலியைப் பற்றி. 2004 டிசம்பரில் மூன்றாவது சீசன் முடிந்தபோது தொடர் ஏறக்குறைய நின்றே போயிற்று. பார்ப்பவர்கள் குறைவு, விருதும் இல்லை. சைமன் கதையைச் சொல்லிச் சொல்லி மன்றாட வேண்டியிருந்தது. நான்காவது சீசன் வந்தபோது 2006 செப்டம்பர். நடுவில் இருபது மாதத்துக்கு மேல். அந்த இருபது மாதத்தில் ஹெச்.பி.ஓ.வில் உங்கள் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ, முன்னால் இருந்த எண்களைப் பார்த்துவிட்டும் "சரி, எடு" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையால் வந்ததுதான் பள்ளிக்கூடத்தைப் பற்றிய நான்காவது சீசன்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், இது என் துறை.

அதில் பிரெஸ் என்று ஒருவன். போலீஸ் வேலையை விட்டுவிட்டுக் கணக்கு வாத்தியாராக வருகிறான். பாடத்தைக் காது கொடுத்துக் கேட்காத பிள்ளைகள் தாயக்கட்டை உருட்டிக் காசு வைத்து ஆடுவதைப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டையை வைத்தே நிகழ்தகவு நடத்துகிறான். வகுப்பு முழித்துக்கொள்கிறது. (நான் இதைச் சோழியை வைத்துச் செய்தவன். தலைமையாசிரியர் சூதாட்டம் சொல்லிக்கொடுப்பதாக விளக்கம் கேட்டார்.) அதற்குள் மேலிருந்து உத்தரவு: பாடத்தை ஓரமாக வை, தேர்வில் வரப்போகிற கேள்விகளை மட்டும் ஓட்டு, சதவீதம் ஏற வேண்டும். திருட்டு வழக்கைச் சின்ன வழக்காக எழுதிக் குற்ற எண்ணிக்கையைக் குறைத்த பழைய வேலையும் இதுவும் ஒன்றுதான் என்று அவனுக்கு அங்கேயே உறைக்கிறது. இன்னொரு இடத்தில் பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பிடித்துவர ஆள் போடுகிறார்கள். செப்டம்பரில் ஒரு நாள், அக்டோபரில் ஒரு நாள் தலையைக் காட்டினால் போதும், பள்ளிக்குப் பணம் வந்துவிடும். மற்ற நாளில் பிள்ளை எங்கே போனால் என்ன?

நான் வேலை பார்த்த பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கேயும் ஒவ்வொரு வருடமும் வாசலில் ஒரு பெரிய பேனர் கட்டுவார்கள், பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி என்று. அந்த 100 எப்படி வந்தது என்பது வாத்தியார்கள் எல்லோருக்கும் தெரியும். தேறாது என்று தோன்றுகிற பையனின் அப்பாவை ஒன்பதாவதிலேயே கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள், இல்லையென்றால் தனித்தேர்வராக எழுதச் சொல்வார்கள். தனித்தேர்வர் பெயில் ஆனால் பள்ளியின் கணக்கில் வராது. யார் தேற மாட்டார்கள் என்ற பட்டியலைக் கணக்கு வாத்தியாரிடம்தான் கேட்பார்கள். நான் கொடுத்திருக்கிறேன். ஒரு வருடம் நான்கு பெயர், இன்னொரு வருடம் ஏழு. அதில் ஒரு பையன் இப்போது கும்பகோணத்தில் லாரி பட்டறையில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து காலில் விழுந்தான். "நீங்க தான் சார் கணக்கு சொல்லிக்குடுத்தீங்க" என்றான்.

ஐந்தாவது சீசனில் டூக்கி என்ற பழைய மாணவன், படிப்புக்குப் பணம் வேண்டும் என்று பொய் சொல்லிக்கொண்டு பிரெஸ்ஸைத் தேடி வருவான். பிரெஸ்ஸுக்குப் பொய் என்று தெரியும், கொடுத்துவிடுவான். அந்தக் காட்சியில் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். ஏட்டையா டிவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்பதற்கு மட்டும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிய புகார்கள். "குத்தம் குறைஞ்சுதான்னு கேக்காதீங்க, எண்ணிக்கை குறைஞ்சிது" என்று சிரிப்பார்.

இரண்டாவது சீசன் துறைமுகத்தைப் பற்றியது. கன்டெய்னருக்குள் பதிமூன்று பெண்கள் செத்துக்கிடப்பதில் தொடங்குகிறது. ஆனால் கதை உண்மையில் சரக்கு இறக்கும் தொழிலாளர் சங்கத்தினுடையது. கப்பல் வரத்துக் குறைந்து, தானியம் இறக்கிய பழைய துறை பணக்காரர்களுக்கான குடியிருப்பாகப் போகிறது. கால்வாயை ஆழப்படுத்தினால் கப்பல் வரும், கப்பல் வந்தால் பிள்ளைகளுக்கு வேலை வரும் என்று அலைகிற சங்கத் தலைவன், அதற்குப் பணம் சேர்க்கவே கடத்தலுக்குக் கண்ணை மூடிக்கொள்கிறான். நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் நின்று பினாங்குக்கு ஆள் ஏற்றிய காலத்தை என் மாமா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தத் துறைமுகம் ஓய்ந்த கதையை எடுக்க ஒரு கொலைகூடத் தேவையில்லை.

இனி என் சொந்த வழக்குக்கு வருகிறேன். தங்கை மகன் சென்னையில் உதவி இயக்குநர். நான்கு வருடம் உழைத்து ஒரு தொடர் எழுதினான், சிலைத் திருட்டு பற்றி. ஒரு நிறுவனத்தில் கதை சொல்ல அழைத்தார்கள். எது என்று சொல்லப்போவதில்லை. பதினைந்து நிமிடம் கேட்டுவிட்டு அங்கிருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "கொலைகாரன் எங்கே?" முதல் பத்து நிமிடத்தில் ஒரு பிணம் வேண்டும், முடிந்தால் தொடர் கொலை, முடிந்தால் ஏதாவது சாமி சம்பந்தமான முறையில். இவன் இல்லை என்றதும் டீ வந்தது. "டீ வந்தால் முடிந்தது என்று அர்த்தம், மாமா" என்று என்னிடம் சொன்னான்.

'தி வயர்' கடைசி சீசனைப் பார்க்கும்போது எனக்கு அந்த டீதான் ஞாபகம் வந்தது. காலி வீடுகளில் பலகை அடித்து அடைத்து வைத்த 22 பிணங்கள். செத்தவர்கள் ஏழைகள், கறுப்பர்கள். விசாரிக்கப் பணம் இல்லை என்று இலாகா கையை விரிக்கிறது. மெக்நல்டி என்ற துப்பறிவாளன் வெறுத்துப்போய், இல்லாத ஒரு தொடர் கொலைகாரனைத் தானே ஜோடித்துவிடுகிறான். உடனே பத்திரிகை பாய்கிறது, மேயர் பேசுகிறார், பணமும் ஆளும் வந்து குவிகிறது. உங்கள் கேள்விக்கு ஒரு முழு சீசனே பதிலாக இருக்கிறது. நிஜமான 22 பேருக்கு அசையாத நாற்காலிகள், இல்லாத ஒருவனுக்காக எழுந்து நிற்கின்றன.

சிலைத் திருட்டில் என்ன கதை இருக்கிறது என்று நினைக்கலாம். எங்கள் பக்கத்துப் பத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் மண் தோண்டிய கூலியாள் ஒருவரின் கடப்பாரையில் தட்டுப்பட்ட நடராஜர், கை மாறிக் கை மாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே வழக்கு. சிலைமேல் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும் சாட்சிக்கு வந்தன. கோயிலும் அதன் லிங்கமும் வாதிகளாக நின்றன, லண்டன் நீதிமன்றத்தில்! 1991-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்து நடராஜர் ஊர் திரும்பினார். கும்பகோணத்துக்கு அருகில் சிவபுரம்: பழுது பார்க்கப் போன நடராஜருக்குப் பதிலாகப் போலி திரும்பி வந்தது. ஊர் அதைக் கும்பிட்டுக்கொண்டிருக்க, அசல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் இருந்தது. 1986-ல்தான் திரும்பக் கிடைத்தது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடமே விலை கொடுத்து வாங்கியது, 2014-ல் திருப்பிக் கொடுத்தது. அதை விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூருக்கு உடையார்பாளையம் கோயில் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் பத்து வருடம் தண்டனை கொடுத்தது கும்பகோணம் நீதிமன்றம். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

இப்போது இதைச் சீசனாகப் பிரித்துப் பாருங்கள். பூட்டிய கோயிலும் அதன் சாவி யாரிடம் என்ற கேள்வியும் ஒன்று. கைவினைப் பொருள் என்று சான்றிதழ் வாங்கித் துறைமுகத்தில் பெட்டி ஏறுவது ஒன்று. வாங்கிய அருங்காட்சியகத்தின் பளிங்குத் தரையும் அங்கே நடக்கிற கமிட்டிக் கூட்டமும் ஒன்று. நீதிமன்றம் ஒன்று. மீட்டு வந்த சாமி கோயிலுக்குப் போகாமல் காப்பகத்தின் இரும்புக் கதவுக்குள் நிற்பது கடைசி ஒன்று. தங்கை மகன் இதைத்தான் எழுதியிருக்கிறான். சுவர் ஏறிக் குதித்தவனுக்குக் கிடைத்ததையும், நியூயார்க்கில் கைமாறிய தொகையையும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டமாக வைத்திருக்கிறான். கணக்கு வாத்தியாரின் மருமகன் அல்லவா.

முதல் சீசனில் போதை விற்கிற பையன்களுக்கு டி'ஏஞ்சலோ சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிற காட்சி ஒன்று வரும். சிப்பாய் மறுமுனைக்குப் போனால் ராணி ஆகலாமா என்று ஒருவன் ஆசையாகக் கேட்பான். ஏட்டையா அன்று சொன்னார்: "நம்ம ஆடுபுலியில அந்த வம்பே இல்ல சார். ஆடு கடைசி வரைக்கும் ஆடுதான்." இதை நம் ஊரில் எடுத்தால் அந்தக் காட்சியைக் கோயில் பிராகாரத்துக் கல்லில் கீறிய ஆடுபுலிக் கட்டத்தில் எடுக்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறோம்.

எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்பீர்கள். வெள்ளிக்கிழமை வெளியிட்டு, ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கையைப் பார்த்து, திங்கட்கிழமை அடுத்த சீசன் உண்டா இல்லையா என்று பேச ஆரம்பித்துவிடுவீர்கள் என்று தங்கை மகன் சொல்கிறான். எங்களுக்கு ஜூன் 12 என்று ஒரு தேதி உண்டு. நல்ல வருடமாக இருந்தால் அன்று மேட்டூரில் மதகைத் தூக்குவார்கள். கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாலு நாள். அங்கிருந்து காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு என்று பிரித்து, அது கிளை வாய்க்கால்களில் நெளிந்து, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச்சேர இன்னும் எத்தனையோ நாள். ஜூன் 14 அன்று கடைமடைக்கு ஆள் அனுப்பி, "வாய்க்கால் காய்ஞ்சு கெடக்கு, மேட்டூரை மூடிடு" என்று எந்த நீர்வளத்துறை இன்ஜினியராவது சொல்வாரா? நீங்கள் சொல்கிறீர்கள். 2002-ல் திறந்த தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வர இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஏட்டையாவும் நானும் பார்வையாளர் கணக்கில் சேர்த்தியா இல்லையா?

மூன்று நாள் கணக்கு எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அதே தாளில் மூன்றாம் மாதத்துக்கு ஒரு பத்தி, மூன்றாம் வருடத்துக்கு ஒரு பத்தி போடுங்கள். பத்துத் தொடர் எடுத்தால் ஒன்றையாவது இந்த மாதிரி விட்டுவையுங்கள், விருது வராது, கூட்டம் வராது என்று தெரிந்தே. அதை எழுத அந்தந்த வேலையில் இருந்தவர்களையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். சைமனோடு எழுதிய எட் பர்ன்ஸ் பால்டிமோரில் துப்பறிவாளராக இருந்து, பிறகு பள்ளியில் பாடம் நடத்தியவர். நாலாவது சீசனில் அந்த அனுபவம் தெரிகிறது. இங்கே ஓய்வு பெற்ற தாசில்தார், ஸ்தபதி, ஓதுவார், துறைமுகக் கணக்குப்பிள்ளை என்று தெருவுக்கு ஒருவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளம்கூடக் கேட்க மாட்டார்கள், காபி போதும்.

தங்கை மகனின் கோப்பு என் மேஜையில்தான் இருக்கிறது, 312 பக்கம். அதில் மொத்தம் இரண்டு சாவு, இரண்டும் வயதாகி வந்தவை. படிக்க வருவதாக இருந்தால் கும்பகோணத்தில் இறங்கிக் குடவாசல் பஸ் ஏறுங்கள். அறுவடை நேரம் மட்டும் வேண்டாம், வீட்டில் ஆள் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்,
குடவாசல் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பி.கு.: எடுக்கிறபோது ஏட்டு வேஷத்துக்குத் தொப்பை வைக்கக் கூடாது என்று ஏட்டையா கண்டிப்பாக எழுதச் சொன்னார். ஆதாரமாகத் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். என் மனைவி அந்தச் சாட்சியத்தை ஏற்கவில்லை.